சமையலறையைப் புதுப்பிக்கும்போது எந்த வேலை முதலில், எது அடுத்து?

கேள்வி இதுதான். சென்னையில் இருபது வருடப் பழைய அடுக்குமாடி வீடு, பத்துக்கு எட்டடி சமையலறை. தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், கிரானைட் மேடை, மாடுலர் அலமாரி, சிம்னி, புது வயரிங் எல்லாம் வேண்டும். டைல்ஸ்காரர் "முதலில் என் வேலை" என்கிறார். மாடுலர் கம்பெனி "டைல்ஸ் முடிந்தால்தான் அளவெடுப்போம்" என்கிறது. எலக்ட்ரீஷியனோ "பாயின்ட் எங்கே வேண்டும், சொல்லுங்கள்" என்று நிற்கிறார். மாமியாரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு வேலையைச் செய்ய வேண்டும். ஆடியில் தொடங்கக் கூடாது, தீபாவளிக்குள் முடிய வேண்டும்.

முடியும். வீடு புதுப்பிக்கும் வேலைகளை வருடக்கணக்காக மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மூன்று பேர் சொல்வதிலும் தப்பில்லை. அவர்களுக்குள் இடிப்பதற்குக் காரணம், நீங்கள் இன்னும் முடிவு செய்யாத விஷயங்கள். சமையலறையில் கடைசியாக மாட்டப்போகும் பொருள்கள்தான் முதல் நாள் வேலையைத் தீர்மானிக்கின்றன. அதனால் அவற்றையெல்லாம் முடிவு செய்துவிட்டு, இடிக்கும் தேதியைக் கடைசியில் குறியுங்கள்.

ஆடி மாதம் இதற்கு மிகவும் வசதி. சுத்தியல் விழ வேண்டாம், ஆனால் முடிவெடுக்கவும் பொருள் வாங்கவும் தடையில்லையே. தள்ளுபடியும் கிடைக்கும்.

முதல் முடிவு, அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே என்பது. அக்னி மூலை, கிழக்கு பார்த்துச் சமைப்பது இதெல்லாம் வீட்டில் பார்ப்பவர்கள் என்றால் இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். பாதி வேலையில் பெரியவர் ஒருவர் வந்து "அடுப்பு இந்தப் பக்கம் இருக்கக் கூடாது" என்றால் கேஸ் லைன், சிம்னி ஓட்டை, மின் பாயின்ட் மூன்றும் இடம் மாற வேண்டியிருக்கும். சிங்க்கை மட்டும் பழைய கழிவுக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் பாருங்கள். தூரம் கூடக் கூடக் குழாய்க்கு வாட்டம் கொடுக்க இடமிருக்காது. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக் கூரையைத் தொடவும் முடியாது.

இரண்டாவது, சாதனங்களின் மாடல். அடுப்பு மேடைமேல் வைப்பதா, கல்லை வெட்டிப் பதிக்கும் ஹாப் வகையா? பதிப்பது என்றால் அந்த மாடலுக்கான வெட்டு அளவு கம்பெனி தரும் தாளில் இருக்கும், அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிம்னி 60 செ.மீ. அகலமா, 90-ஆ? குழாய் சுவரிலிருந்து வருவதா, கல்லின்மேல் நிற்பதா? ஆர்.ஓ., டிஷ்வாஷர், ஓவன் எவை உண்டு, எவை இல்லை? சிங்க்கை வாங்கியே வைத்துவிடுங்கள். கல்லுக்கு அடியில் ஒட்டும் சிங்க் என்றால் கல் வெட்டுபவர் முன்னால் அந்தச் சிங்க் இருந்தாக வேண்டும். டைல்ஸையும் ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண் பார்த்து, பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். அடுத்த மாதம் வாங்கும் பெட்டியில் அதே நிறம் வரும் என்று நம்ப முடியாது.

மூன்றாவது முடிவுதான் மொத்த வரிசையையே மாற்றுவது: மேடை எந்த வகை?

நம் ஊரில் இரண்டு வகை நடக்கிறது. ஒன்று, செங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி, அதன்மேல் கடப்பா கல்லோ கான்கிரீட் பலகையோ போட்டு, மேலே கிரானைட் பதிப்பது. அடியில் மாடுலர் கூடைகளும் கதவும் மாட்டுவார்கள். இன்னொன்று, தரையில் மாடுலர் பெட்டிகளை நிறுத்தி அவற்றின் மேலேயே கிரானைட்டையோ குவார்ட்ஸையோ வைப்பது. இரண்டாவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், இடமும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஃபேக்டரியிலிருந்து பெட்டி வரும்வரை உங்களுக்கு மேடையே இருக்காது. அதாவது இடித்த நாள் முதல் கடைசி வாரம்வரை வீட்டில் சரியான சமையல் கிடையாது. முதல் வகையில் கல் பதித்துச் சிங்க்கும் குழாயும் மாட்டிவிட்டால் போதும், அடியில் கதவு இல்லாமலே சமைக்கத் தொடங்கலாம். குடும்பத்தோடு அங்கேயே இருக்கப் போகிறீர்கள், அதனால் உங்களுக்கு முதல் வகையைத்தான் சொல்வேன். அடிப்பலகைக்குத் தடித்த கடப்பா கல்லே போதும். கான்கிரீட் போட்டால், அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒரு வாரத்துக்குமேல் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் மாடுலர் கம்பெனியின் சிக்கலும் அவிழ்கிறது. அவர்கள் அளவெடுப்பது பிறகு, மாட்டுவது கடைசி. ஆனால் அவர்களுடைய வரைபடம் முதலிலேயே வந்துவிட வேண்டும். கூடைகள் 450, 600, 900 மி.மீ. என்று குறிப்பிட்ட அகலங்களுக்குத்தான் வருகின்றன. கொத்தனார் கண்மட்டத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினால் 600 கூடை போக வேண்டிய இடம் 570 ஆகிவிடும், அப்புறம் 450 கூடை போட்டு மிச்சத்தைப் பட்டை வைத்து மூட வேண்டியதுதான். ஆடியிலேயே அட்வான்ஸ் கொடுத்து, வரைபடம், பலகை, நிறம் எல்லாம் முடித்து, பிரிண்ட் ஒன்றைக் கொத்தனார் கையில் கொடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் ஃபேக்டரிகளில் வரிசை நீளும், அதனால் தயாரிப்புத் தேதியையும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பலகையில் சிங்க்கின் அடிப்பகுதிக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் கேளுங்கள்.

சரி, ஆவணி பிறந்துவிட்டது. இப்போதும் முதலில் வருபவர் இடிக்கும் ஆள் இல்லை. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அரை நாள் வர வேண்டும். பிளம்பர் சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு அடைப்பு வால்வு போட்டுத் தரட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். அந்த வால்வு பிறகும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இழுப்பறைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரீஷியன் சமையலறை லைனைத் துண்டித்து, வேலையாட்களுக்குத் தற்காலிகமாக ஒரு போர்டு வைத்துத் தரட்டும். கேஸ் சிலிண்டர் வெளியே போய்விட வேண்டும். பால்கனியிலோ யுடிலிட்டியிலோ ஒரு மேசை, இண்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி, ஒரு குழாய் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். தோசைக்கல் இண்டக்ஷனுக்கு ஒத்துவருமா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது. அசோசியேஷனிடம் வேலை நேரம், லிஃப்டில் மூட்டை ஏற்றுவது, வெளிச்சுவரில் சிம்னிக்கு ஓட்டை போடுவது மூன்றுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். இடித்த ராபிஷை எங்கே குவிப்பது, யார் எடுத்துப் போவது என்பதும் கான்ட்ராக்டில் இருக்க வேண்டும்.

இடிப்பது ஒன்றிரண்டு நாள். பழைய மேடை, பழைய டைல்ஸ், தேவையென்றால் பூச்சும் போகும். தரை டைல்ஸை இடிப்பதா, அதன்மேலேயே ஒட்டுவதா என்பதை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். பரவலாகப் பொள்ளல் சத்தம் வந்தாலோ, கீழ்வீட்டில் கசிவு புகார் இருந்தாலோ இடித்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மேலே ஒட்டுவது தூசியும் சத்தமும் இல்லாத வழி. தரை ஒன்றரை செ.மீ. போல உயரும், கதவடியில் இடமிருக்கிறதா, ஹாலிலிருந்து வரும்போது மாமியாருக்குக் கால் தடுக்குமா என்று பாருங்கள்.

இடித்துப் பெருக்கிய அன்றே ஒரு காரியம் நடக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். புதுத் தரையின் மட்டம் எது என்று முடிவு செய்து, அதிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் நான்கு சுவரிலும் ஒரே கோடு போடச் சொல்லுங்கள். லேசர் இருந்தால் லேசர், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். நூலில் நீலப்பொடி தடவி இழுத்து அடித்தால் கோடு விழும். இனி யார் வந்தாலும் உயரத்தை அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். இடித்த தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். எலக்ட்ரீஷியன் தரையிலிருந்து அளப்பார், பிளம்பர் பழைய மேடையின் தடத்திலிருந்து அளப்பார், டைல்ஸ்காரர் கூரையிலிருந்து கீழே வருவார். கடைசியில் ஸ்விட்ச் பெட்டி பாதி டைல்ஸிலும் பாதி கல்லிலும் உட்காரும்.

கோடு போட்டதும், அந்தச் சமையலறையில் அதிகம் நிற்பவர் யாரோ அவர் வர வேண்டும். மேடையின் உயரம் அவர் முழங்கையை மடக்கி நிற்கும்போது முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. பெரும்பாலான நம் பெண்களுக்கு அது 32 முதல் 34 அங்குலத்தில் வந்து நிற்கும். உயரத்தைச் சுவரில் எழுதுங்கள். ஆழம் 24 அங்குலம். சாக்பீஸால் அடுப்பு, சிங்க், மிக்ஸி, கிரைண்டர், குக்கர் இறக்கும் இடம் எல்லாம் முழு அளவில் வரையுங்கள். அங்கே நின்று இட்லிக்கு மாவு அரைப்பதுபோல, காய் நறுக்குவதுபோலக் கையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் எங்கே என்பது அப்போது தானாகத் தெரியும். கிரைண்டர் வயர் அடுப்பைத் தாண்டிப் போகிறது என்றால் சாக்பீஸை அழித்து மாற்றுவது ஒரு நிமிட வேலை.

அடுத்தது, சுவருக்குள் போகும் வேலைகள். சுவரில் காடி (குழாய் போகும் பள்ளம்) வெட்டுவது, பைப், வயர்க் குழாய், சிம்னிக்கு ஓட்டை. இவையெல்லாம் சேர்ந்து நான்கைந்து நாள். பிளம்பர் முன்னால், எலக்ட்ரீஷியன் பின்னால் போகட்டும். தண்ணீர்க் குழாயை இஷ்டத்துக்கு வளைக்க முடியாது, வயர்க் குழாய் ஒதுங்கிப் போகும். நாலரை அங்குலச் சுவரில் நீளப் படுக்கையாகக் காடி வெட்ட விடாதீர்கள், தூணிலும் உத்தரத்திலும் வெட்டவே கூடாது.

தண்ணீரில் சென்னைக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் தனித்தனி லைன் என்றால், சிங்க்குக்கு இரண்டுமே வர வேண்டும், ஆர்.ஓ.வுக்கு மெட்ரோ லைனிலிருந்து ஒரு கிளை, அதன் கழிவுத் தண்ணீர் போக ஒரு வழி. டிஷ்வாஷர் இன்று இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு தண்ணீர் வாயும் கழிவு வாயும் போட்டு மூடி வைத்துவிடுங்கள். பிறகு டைல்ஸை உடைத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ சுலபம். பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தை விட்டு அடுத்த அடியில் துருப்பிடித்து ஒழுகும். புது சி.பி.வி.சி. (பிளாஸ்டிக்) பைப் இணைப்புகள் ஒரு நாள் காய்ந்ததும், வாய்களை அடைத்து, கைப் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட வேண்டும். மீட்டர் முள் இறங்கவில்லை என்று நீங்களே பார்த்த பிறகுதான் காடியை மூடலாம்.

மின்சாரத்தில், பழைய வீடுகளில் சமையலறை முழுக்க ஒரே லைனில் இருப்பது வழக்கம். 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். கூடவே ஓவனோ டிஷ்வாஷரோ ஓடினால் அந்த லைன் தாங்காது. இப்படி அதிகம் இழுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்ப் பாயின்ட், 4 சதுர மி.மீ. வயர், தனி எம்.சி.பி. (சுமை கூடினால் தானே விழும் ஸ்விட்ச்) வேண்டும். ஈரக்கையோடு புழங்கும் இடம் என்பதால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மேடைமேல் பிளக்குகள் கல்லிலிருந்து எட்டுப் பத்து அங்குல உயரத்தில் இருக்கட்டும், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர்மேலே வேண்டாம். சிம்னிக்கு ஆறடிக்கும் மேலே ஒரு பாயின்ட். சிம்னி அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குலம் மேலே வரும் என்று கணக்கிட்டு ஆறு அங்குல ஓட்டையை இப்போதே கோர் கட்டிங் மெஷினால் போட்டுவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு போட்டால் விரிசல் விடும். குழாய் வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்றாகப் புகையை இழுக்கும்.

காடியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை நீட்டிப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாடுலர்காரர் டிரில்லிங் மெஷினோடு வரும் நாளில் அந்தப் படங்கள் வேண்டும். தரைத்தள வீடாக இருந்தால் கரையான் மருந்து அடிப்பதற்கும் இதுதான் நேரம்.

பிறகு கொத்தனார். காடி மூடல், பூச்சு, வரைபடத்தின்படி தடுப்புச் சுவர், கடப்பா கல். மேடைக்கு அடியில் வரும் தரைக்கு டைல்ஸை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். கல் ஏறிய பிறகு உள்ளே குனிந்து யாரும் ஒழுங்காக ஒட்டித் தர மாட்டார்கள், சொரசொரப்பான அந்த இடம்தான் கரப்பான்பூச்சிக்கு வீடாகும். புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். இந்த வாரத்தில் வேலை எதுவும் நடக்காததுபோல் தோன்றும், "டைல்ஸை நாளைக்கே ஆரம்பிக்கலாமே" என்று நெருக்குவார்கள். விடாதீர்கள். அந்த நாட்களில் கூரைக்குப் பட்டி பார்த்து பிரைமர் அடித்துக்கொள்ளலாம், கிரானைட் கடைக்குப் போய்க் கல்லைக் குறித்துவிட்டு வரலாம். உங்கள் மேடை பத்தடி என்பதால் ஒரே கல்லில் வராமல் இணைப்பு வரலாம். அது சிங்க்குக்கும் அடுப்புக்கும் விலகி இருக்க வேண்டும்.

இப்போது டைல்ஸ்காரரின் கேள்வி. சுவர் டைல்ஸ் முதலா, கிரானைட் முதலா? கிரானைட்தான் முதல். கல்லின் பின்விளிம்பு சுவர்ப் பூச்சுக்குள் அரை அங்குலமாவது நுழைய வேண்டும். சுவர் டைல்ஸ் அந்தக் கல்லின்மேல் வந்து உட்கார வேண்டும். அப்போது சுவரில் வழியும் தண்ணீர் டைல்ஸிலிருந்து கல்மேல் இறங்கி முன்னால் வரும். டைல்ஸை முதலில் ஒட்டிவிட்டு அதற்கு முன்னால் கல்லைத் தள்ளி வைத்தால், இடையில் ஒரு நூலளவு இடைவெளி நின்றுவிடும். வெள்ளைச் சிமெண்ட்டைப் பூசி மறைப்பார்கள். சில மாதத்தில் அது உதிர்ந்து, சிங்க்குக்குப் பின்னால் தெறிக்கும் தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் பின்பலகையை ஊறவைக்கும். மாடுலர் அலமாரி அழுகுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: கல்லின் முன்விளிம்புக்கு அடியில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, மெல்லிய ஒரு காடி. மேடையிலிருந்து வழியும் தண்ணீர் அந்தக் காடிவரை வந்து சொட்டிவிடும், கதவுப் பக்கம் போகாது. கல் கீழே இருக்கும்போது மெஷினில் ஒரு இழுப்பு, பதித்த பிறகு கேட்டால் யாரும் படுத்துக்கொண்டு வெட்ட மாட்டார்கள்.

கல் பதிந்து, சிங்க் ஒட்டி, சிலிகான் ஒரு நாள் காய்ந்ததும் பிளம்பர் குழாயும் கழிவுக் குழாயும் மாட்டிவிடலாம். அதன்பின் சுவர் டைல்ஸ், கடைசியாக மீதித் தரை. ஒட்டிய மறுநாள்தான் இடுக்கு நிரப்ப வேண்டும். அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்னால் மட்டுமாவது எபாக்ஸி கிரௌட் (இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) போடுங்கள், மஞ்சளும் எண்ணெயும் ஏறாது. கேஸ் இணைப்பை ஏஜென்சி ஆளை வைத்தே கொடுங்கள். ரப்பர் குழாய் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் புதிது போடுங்கள். சிலிண்டர் அலமாரிக்குள் இருக்கப் போகிறதென்றால் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளை அவசியம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும்.

இந்த இடத்தில் சமையல் உள்ளே வந்துவிடும், இடித்ததிலிருந்து சுமார் மூன்று நான்கு வாரத்தில். மாடுலர்காரரை இறுதி அளவுக்கு, கீழ்ப் பகுதிக்குக் கல் பதித்த அன்றே கூப்பிடலாம், மேல் அலமாரிக்கு டைல்ஸ் முடிந்ததும். நிறமும் பலகையும் ஏற்கெனவே முடிவாகியிருப்பதால் மூன்று நான்கு வாரத்தில் பொருள் வந்துவிடும். அதற்குள் பெயின்ட் ஒரு கோட் முடித்துக்கொள்ளுங்கள், கடைசிக் கோட் அலமாரி மாட்டிய பிறகு. சிம்னியும் ஹாபும் அலமாரியோடு சேர்ந்து மாட்டப்படும்.

நாள் கணக்கைப் பார்த்தால் ஆவணி முதல் தேதியிலிருந்து தீபாவளிவரை எட்டு வாரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். இறுக்கமான கணக்குதான். நடுவில் விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை வரும், ஆட்கள் ஊருக்குப் போவார்கள். மழையும் ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும், பூச்சும் பெயின்ட்டும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். ஆடிக்குள் மாடல்களும் வரைபடமும் கைக்கு வராவிட்டால் ஆவணியில் இடிக்காதீர்கள். பழைய சமையலறையிலேயே தீபாவளிப் பலகாரம் சுட்டுவிட்டு, தை பிறந்ததும் தொடங்குங்கள். அப்போது மழையும் இருக்காது, ஃபேக்டரியிலும் நெருக்கடி குறைந்திருக்கும்.

பணத்தை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கொடுங்கள், பத்து சதவீதத்தைக் கடைசிவரை நிறுத்தி வையுங்கள். மாடுலர் மாட்டி முடித்த மறுநாள் சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். இண்டக்ஷன், மிக்ஸி, சிம்னி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, எம்.சி.பி. விழாமல் இருக்கிறதா, பிளக் சூடேறுகிறதா என்று பாருங்கள். தாள் நனையாமல், பிளக் சுடாமல் இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.